அவசரப்பட்டால் இருபது டாலர் கசக்கும்

சனிக்கிழமை சாயங்காலத்துக்கு எந்தச் சுருட்டு என்று யாராவது கேட்டால் என்னிடம் பெரும்பாலும் ஒரே பதில்தான். பத்ரோன் 1964 ஆனிவர்சரி வரிசை, எக்ஸ்க்ளூசிவோ அளவு, மதுரோ என்னும் கறுத்த மேலிலை சுற்றியது. ஐந்தரை அங்குல நீளம், 50 ரிங் கேஜ். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு தடிமன் என்று சொல்லும் கணக்கு இந்த ரிங் கேஜ். 50 என்றால் முக்கால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். டாம்பாவில் நான் வாங்கும் கடையில் இருபது டாலர் பக்கம் வருகிறது. ஃப்ளோரிடாவில் சுருட்டுக்கு மாநிலத் தீர்வை கிடையாது, அதனால்தான் இந்த விலை. நியூயார்க்கில் மொத்த விலையில் 75 சதவீதம் வரி போடுகிறார்கள். அங்கே இருக்கும் என் கல்லூரி நண்பன் இங்கே வரும்போதெல்லாம் பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு வருகிறான்.

"அந்தக் காசுக்கு மூணு நாள் காய்கறி வாங்கலாமேங்க" என்பாள் மனைவி. அவள் கணக்கை நான் மறுப்பதில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. இவ்வளவு கொடுத்து வாங்கியதை அரை மணி நேரத்தில் இழுத்துத் தீர்த்துவிட்டு, "பரவாயில்லை, கடைசியில்தான் கொஞ்சம் கசப்பு" என்று எழுந்து போகிறவர்களை லவுஞ்சில், அதாவது உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் கடைக்கூடத்தில், அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கசப்பில் முக்கால்வாசி அவர்களே உண்டாக்கியது. வேகமாக இழுத்தால் நெருப்பு சூடேறும், சூடேறினால் இலையின் எண்ணெயும் இனிப்பும் கருகிப்போகும், மிச்சம் கரிதான். ஒரு சுருட்டை ருசிப்பது என்றால் அதன் நெருப்பை ஆறவிட்டு ஆறவிட்டு வைத்திருப்பது, அவ்வளவுதான். இலை விளைவதிலிருந்து சாம்பல் விழுவது வரைக்கும் இந்தச் சுருட்டுக்கு நல்லது செய்தவை எல்லாமே நிதானமாக நடந்தவை. கடைசி ஒரு மணி நேரத்தில் நாம் வந்து கெடுக்கிறோம்.

மேலே போவதற்கு முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு சரி, அதனால் ஆபத்தில்லை என்று லவுஞ்சில் பேசுவார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வருவதற்குப் புகை நெஞ்சுக்குள் போகவேண்டும் என்று அவசியமில்லை. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். நிழலில் காற்றாட உலர்த்திய சுருட்டு இலையின் புகையில் காரத்தன்மை இருப்பதால் நிகோடின் கன்னத்தின் உட்பக்கம் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். சிகரெட் இலையைப் பெரும்பாலும் சூட்டறையில் உலர்த்துகிறார்கள், அதன் புகையில் அமிலத்தன்மை, உள்ளே இழுத்தால்தான் சரியாக ஏறும். ஆக வழிதான் வேறு. என் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் நாக்கைத் தூக்கச் சொல்லி அடிவரைக்கும் பார்க்கிறார். நன்றாகப் பார்க்கட்டும்.

சரி, பத்ரோன்.

ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் 1926-ல் கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் பிறந்தவர். பரம்பரையாகப் புகையிலை பயிரிட்ட குடும்பம். காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பிறகு நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போக, அவர் நாட்டை விட்டு வெளியேறி மயாமிக்கு வந்து சேர்ந்தார். கையில் வேலை இல்லை. நண்பர் ஒருவர் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்தார். பகலில் தோட்ட வேலை, ராத்திரியில் தச்சு வேலை என்று பார்த்து 600 டாலர் சேர்த்து, 1964-ல் சுருட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். சுற்றுவதற்கு ஒரே ஓர் ஆள். அந்தச் சுத்தியலின் கதையை அந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1970-ல் தொழிற்சாலை நிகராகுவாவில் எஸ்தெலி ஊருக்குப் போனது. 1978-ல் அந்த நாட்டுச் சர்வாதிகாரி சோமோசாவுக்கு எதிரான சண்டையில் அது எரிந்தது. அதே வருடம் கியூபச் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகளை விடுவிப்பது பற்றிப் பேச ஹவானா போன குழுவில் அவரும் இருந்தார். காஸ்ட்ரோவுக்கு அவர் ஒரு சுருட்டை நீட்டும் படம் வெளியானதும் மயாமியில் காஸ்ட்ரோவை வெறுத்த கியூபர்களில் ஒரு தரப்பு கொதித்துவிட்டது. கம்பெனிக் கட்டடத்தில் குண்டு வைத்தார்கள், அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. நிகராகுவாவில் அவர் முதலாளி, மயாமியில் அவர் துரோகி. 1985-ல் அமெரிக்க அதிபர் ரீகன் நிகராகுவா மீது வர்த்தகத் தடை போட்டார், அது 1990 வரை நீடித்தது. இதையெல்லாம் தாண்டி 1994-ல், கம்பெனியின் 30-வது ஆண்டுக்காக வந்ததுதான் இந்த 1964 வரிசை. முழுக்க முழுக்க நிகராகுவா இலை, நான்கு வருடம் மூப்பேறியது. பெரியவர் 2017 டிசம்பரில் 91 வயதில் காலமானார்.

நான்கு வருடம் என்று பெட்டியில் போட்டுவிடலாம். ஆனால் அத்தனை மூட்டை இலையும், அதற்குக் கொடுத்த பணமும், கிடங்கில் அசையாமல் கிடக்கவேண்டும். இரண்டு வருடத்திலேயே எடுத்துச் சுற்றி விற்றால் யாரும் கேட்கப்போவதில்லை. குண்டும் தீயும் பார்த்த ஒருவர், இலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் துணிந்தார் என்பதுதான் எனக்கு அந்த விலையில் பாதிக்கு நியாயம்.

இலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் புரியும். சுருட்டில் மூன்று பகுதி. வெளியே தெரிவது மேலிலை. அதற்குள்ளே கட்டிப்பிடித்திருப்பது கட்டிலை. நடுவே உள்ளிலை. உயர்தரச் சுருட்டில் உள்ளிலை தூளாகவோ துண்டாகவோ இருக்காது, முனையிலிருந்து முனைவரை முழு நீள இலை. ஒரே செடியில் மேலே வெயிலை வாங்கிக்கொண்டு தடித்து வளரும் இலைக்கு லிஹேரோ என்று பெயர். எண்ணெய் அதிகம், காட்டம் அதிகம், எரிவது மெதுவாக. நடுவில் உள்ளது செகோ, வாசனை அதில். அடியில் உள்ளது வொலாடோ, சுலபமாகப் பற்றும். சுற்றுகிறவர் லிஹேரோவை எப்போதும் நடு மையத்தில் வைப்பார். ஓரத்துக்குப் போனால் ஒரு பக்கம் எரிய மறுக்கும், மறுபக்கம் ஓடிவிடும். ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக மடித்து, காற்று போக வழிவிட்டுச் சேர்க்கவேண்டும். இழுக்கும்போது வரும் தடையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தடைதான் நம் வேகத்துக்குப் போட்ட முதல் கடிவாளம்.

மதுரோ என்றதும் சாயம் ஏற்றியது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழுங்கான கம்பெனியில் அப்படி இல்லை. உலர்ந்த இலையை ஈரம் தெளித்து ஆளுயரத்துக்கு அடுக்குவார்கள், பிலோன் என்பார்கள். உள்ளே தானாகவே சூடு கிளம்பும். வெப்பமானியைச் சொருகி வைத்து, சூடு அளவு தாண்டினால் குவியலைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே என்று மாற்றி அடுக்குவார்கள். அம்மோனியா நெடி அப்படியே வெளியேறும். மதுரோவுக்கு இது இன்னும் நீண்ட காலம், இன்னும் கூடுதல் சூட்டில் நடக்கும். அதற்குத் தாங்குகிற தடித்த இலை வேண்டும். கறுப்பாக இருந்தால் காட்டம் என்ற பேச்சும் தவறு. நிகோடின் எவ்வளவு என்பதை இலை செடியின் எந்த உயரத்தில் இருந்தது என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. நிறம் சொல்வது புளிக்கவைத்த கதையை. மதுரோவில் மேலிலை தரும் இனிப்பு வாசம், அவ்வளவுதான்.

பத்ரோன் 1964 சதுரமாக இருக்கும். பெட்டியில் இறுக்கி அடுக்கி அழுத்தியே அந்த வடிவம் வருகிறது. இதனால் ருசி மாறுகிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உதட்டில் வசதியாக உட்காருகிறது, மேஜையில் வைத்தால் உருளாது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதாகச் சுற்றியிருக்கும் சின்னப் பட்டையில் ஒவ்வொரு சுருட்டுக்கும் தனி எண் அச்சிட்டிருக்கும். போலிகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

டாம்பாவில் இருப்பவனுக்கு இது ஊர்ப் பெருமையோடு சேர்ந்த விஷயமும்கூட. விசென்டே மார்டினெஸ் இபோர் என்பவர் 1885-ல் ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்டிலிருந்து சுருட்டுத் தொழிலை இங்கே கொண்டுவர நிலம் வாங்கினார். அவர் பெயரில்தான் இபோர் சிட்டி. கியூபர், ஸ்பானியர், இத்தாலியர் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கில் சுருட்டு சுற்றிய இடம். தொழிற்சாலைகளில் உயரமான மேடை போட்டு ஒருவர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் அப்புறம் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை, சுற்றுகிற தொழிலாளிகள்தான், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு. கியூப விடுதலைக்கு ஆதரவு திரட்ட ஹோசே மார்த்தி 1891-ல் இங்கே வந்து பேசியபோது கூட்டமாக நின்று கேட்டவர்கள் இந்தத் தொழிலாளிகள்தான். படிப்பவர் வாயால் தேவையில்லாத அரசியல் உள்ளே வருகிறது என்று 1931-ல் முதலாளிகள் அந்த மேடைகளை எடுத்துவிட்டார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது, மேடைகள் திரும்பி வரவில்லை. இப்போது ஏழாவது அவென்யூவில் நடந்தால் லவுஞ்சுகள், சுற்றுலாக் கூட்டம், யாரும் தொடக்கூடாத சேவல்கள். சேவல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை நடக்கும் நடையைப் பார்த்தாலே அது தெரியும்.

நான் போகும் லவுஞ்சில் எழுபதைத் தாண்டிய ஒரு கியூபப் பெரியவர் வருவார். அவருடைய பாட்டி இங்கே இலையின் நடுநரம்பை உரிக்கும் வேலை செய்தவர். பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞன் இரண்டு விநாடிக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டிருந்தான். பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன் தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" அவன் ஹெட்போனைக் கழற்றி "என்ன சொன்னீங்க?" என்றான். "ஒன்றுமில்லை, நீ போய்வா" என்று சொல்லிவிட்டார்.

இனி என் கையில் உள்ளதற்கு வருகிறேன்.

வாங்கியதும் பற்றவைப்பதில்லை. ஃப்ளோரிடாவில் ஈரப்பதம் எங்கள் எதிரி. கோடையில் நாலு மணிக்கு இடி மழை கொட்டினால் அப்புறம் வெளியே காற்றே தண்ணீர்தான். கடைகளில் 70 சதவீத ஈரத்தில் வைத்திருப்பார்கள், அந்த ஈரத்தோடு இந்தக் காற்றில் பற்றவைத்தால் சுருட்டு சரியாக எரியாது, எரியாததால் நாம் பலமாக இழுப்போம், சூடேறும். அதனால் நான் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் சின்னப் பை போட்ட காற்றுப் புகாத டப்பாவில் குறைந்தது சில வாரம் ஓய்வு கொடுக்கிறேன். தேவதாரு மரப்பெட்டி அழகுதான், ஆனால் மூடி சரியாகப் பொருந்தாத மரப்பெட்டியைவிட ரப்பர் விளிம்பு வைத்த சமையலறை டப்பா மேல். டப்பா ஏசி அறையில் இருக்கும். அறைச் சூடு இருபத்தைந்து டிகிரியை நெருங்கினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிய ஆரம்பிக்கும், குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள் விழும், ஒன்றில் வந்தால் டப்பா முழுக்கப் பரவும். இன்னொரு பக்கம், இந்த ஊரிலேயே ஒரு கடையில், பெயர் வேண்டாம், ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி அலமாரி வைத்திருந்தார்கள். அங்கே வாங்கியது பற்றவைத்த கொஞ்ச நேரத்திலேயே மேலிலை வெடித்துப் பிளந்தது. காய்ந்த சுருட்டு விறகு வேகத்தில் எரியும், அதையும் யாராலும் ஆறவைக்க முடியாது. வாங்கும்போது விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி எழவேண்டும், நொறுங்கும் சத்தம் வரக்கூடாது.

வெட்டுவது. வாயில் வைக்கும் முனையில் சின்னத் தொப்பி மாதிரி ஒரு இலைத்துண்டு ஒட்டியிருக்கும். தொப்பியின் வளைவு முடியும் கோட்டுக்கு மேலே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டவேண்டும், அதைவிட அதிகமாக வெட்டினால் மேலிலை சுருள் பிரிந்துவிடும். நான் உறையூர்க்காரன். எங்கள் ஊர்ச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும், பல்லில் கடித்துத் துப்பும் வேலைகூடக் கிடையாது. விக்டோரியா காலத்தில் லண்டன்வரை போன சரக்கு அது. லவுஞ்சில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.

வெட்டியதும் பற்றவைக்காமல் சும்மா இழுத்துப் பார்ப்பேன். இந்த மதுரோவில் உலர்ந்த திராட்சை, வைக்கோல் போர், அடியில் லேசாகக் கோகோ. ஸ்ட்ராவில் மோர் குடிக்கும் அளவுக்குத் தடை இருந்தால் போதும். பற்றவைக்க பியூட்டேன் லைட்டர் அல்லது தேவதாருச் சீவல். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் நெடி முதல் அங்குலம் முழுவதும் கூட வரும். சுடரில் முனையை முக்கவே கூடாது. சுடருக்கு மேலே சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினால் ஓரம் முதலில் கறுக்கும், அப்புறம் மெல்லச் சிவக்கும். அதற்குப் பிறகுதான் முதல் இழுப்பு. முனையில் மெல்ல ஊதிப்பார்த்தால் ஒளி சீராக இருக்கிறதா, எங்கே இருட்டு என்று தெரியும். இந்த இடத்தில் செலவிடும் ஒரு நிமிடம் பின்னால் பத்து நிமிடத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

முதல் இழுப்புகளில் மிளகு. நாக்கில் குறைவு, மூக்கில் அதிகம். அங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் அந்த உமாமி. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் உள்ள புகையில் பாதிக்கு மேல் வெளியே விட்டுவிட்டு, வாயை மூடி, மிச்சத்தை மூக்கு வழியாக மெல்ல அனுப்பவேண்டும். நெஞ்சுக்குள் போகாமல் தொண்டைக்கு மேலேயே திரும்பிவிடும். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால், வெறும் 'சுருட்டு வாசம்' என்று இருந்தது பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். எல்லா இழுப்பிலும் செய்யத் தேவையில்லை. நாலைந்துக்கு ஒன்று போதும்.

மிளகு பத்து நிமிடத்தில் பின்வாங்கும். அப்போதுதான் இந்தச் சுருட்டின் உண்மையான குணம் வெளியே வருகிறது. சர்க்கரை போடாத கோகோ. சிக்கரி கலக்காத காபிக்கொட்டை, ஆழமாக வறுத்தது. அமெரிக்க விமர்சகர்கள் எல்லோரும் தோல் வாசம் என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒருநாளும் செருப்புக்கடை ஞாபகம் வந்ததில்லை. எனக்கு வருவது வெறும் சட்டியில் தனியாவை வறுக்கும்போது எழும் வாசம், சிவந்து முடித்து இறக்கும் தறுவாயில் வருவது. எந்த விமர்சனத்திலும் இது இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு இருக்கிறது. விமர்சகர்களுடைய அம்மாக்கள் சாம்பார்ப் பொடி வறுத்ததில்லை, வேறென்ன.

நடுப்பகுதிதான் உச்சம். வறுத்த வேர்க்கடலை மேலே வரும், கோகோ இன்னும் கெட்டியாகும், இழுத்து முடித்த பிறகும் நாக்கின் ஓரத்தில் கருப்பட்டியின் இனிப்பு நிற்கும். இனிப்பு புகையில் இருப்பதைவிட அதற்குப் பிந்தைய அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. உடனே அடுத்த இழுப்பு இழுத்தால் இது தெரியவே தெரியாது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதுவும் சில சமயம் வேகம். கடிகாரம் பார்க்காமல் ஒரு வழி இருக்கிறது. சுருட்டின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுடுகிறது என்றால் கீழே வைத்துவிட்டு யாரிடமாவது பேசுங்கள்.

சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் சிகரெட்டிலிருந்து வந்தது. சுருட்டில் அது வேண்டாம். முழு நீள இலை என்பதால் சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் கெட்டியாக நிற்கும். அது நெருப்புக்கு முன்னால் ஒரு மூடியாக இருந்து காற்றைக் குறைத்து, எரிவதைக் கட்டுக்குள் வைக்கும். ஆனால் யார் சாம்பல் நீளம் என்று போட்டி போடுபவர்களும் இருக்கிறார்கள், கடைசியில் சட்டைமேல்தான் விழும். தானாக விழத் தயாராகும்போது தட்டின் ஓரத்தில் லேசாக உருட்டிவிட்டால் போதும்.

ஒரு பக்கம் வேகமாக ஓடி, மறுபக்கம் பின்தங்கினால் உடனே லைட்டரை எடுக்கவேண்டாம். பின்தங்கிய பக்கத்தைக் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். அணைந்தேபோனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாம்பலை நீக்கி, வாய் முனையிலிருந்து முன்பக்கமாக மெல்ல ஊதி உள்ளே தேங்கிய பழைய புகையை வெளியேற்றிவிட்டு, மறுபடி பற்றவைக்கலாம். அணையாமலே கசப்பு தலைகாட்டினாலும் இதே வைத்தியம்தான். ஊதும்போது முனையில் சுடரைக் காட்டினால் சில சமயம் குப்பென்று எரியும், உள்ளே சேர்ந்திருந்த கண்டதும் எரிந்துபோகும். அடுத்த இழுப்பிலேயே வித்தியாசம் தெரியும்.

கூட என்ன குடிப்பது என்று கேட்பார்கள். விஸ்கி வைத்துக்கொள்வது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். சாராயத்தின் எரிச்சலுக்குப் பிறகு நாக்கு எதையும் சொல்லாது என்பது என் அனுபவம். சிலர் ரம் நன்றாகச் சேரும் என்கிறார்கள், எஸ்தெலிக்காரர்களுக்குச் சேரலாம். எனக்கு ஒரு பாட்டில் சோடா, முதல் பாதி முடிந்ததும் ஒரு சின்னக் கியூபக் காபி. முதலில் சொட்டும் டிகாஷனில் சர்க்கரையை அடித்து நுரையாக்கி ஊற்றும் அந்தக் காபியும் இந்த மதுரோவின் நடுப்பகுதியும் ஒன்றையொன்று நன்றாகத் தூக்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் உட்காராதீர்கள். இது காட்டமான சுருட்டு. நிகோடின் ஏறிவிட்டால் நெற்றியில் குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம், குமட்டல். துணிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் லவுஞ்சுக் கழிவறையில் நெடுநேரம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஆனால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்துக்குப் போய், ஏதாவது இனிப்பு சாப்பிட்டுச் சும்மா உட்காருங்கள். முடித்தே தீரவேண்டும் என்ற வைராக்கியம் இங்கே உதவாது.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் மிளகு திரும்பி வரும். கோகோ மறைந்து மண்வாசம் மாதிரி ஒரு கனம். எரிந்த இலையின் எண்ணெயும் ஈரமும் பின்னால் தங்கித் தங்கி இந்தப் பகுதியில்தான் சேர்ந்திருக்கும், நெருப்பும் உதட்டுக்கு நெருங்கிவிடும். அதனால் இங்கே இன்னும் நிதானம் வேண்டும். இங்கேதான் எல்லோரும் வேகம் எடுக்கிறார்கள். சுட்டுவிரல் சுடும்வரை குண்டூசியில் குத்திப் பிடிப்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஒன்றரை அங்குலம் மிச்சமிருக்கும்போது நான் வைத்துவிடுவேன். நசுக்கக்கூடாது, நசுக்கினால் அந்த நாற்றம் அறையைவிட்டுப் போகாது. தட்டிலேயே விட்டால் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும்.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், அவசரம் இல்லாவிட்டால். வீட்டில் பிடித்தால் பின்பக்கம் வலை அடித்த தாழ்வாரத்தில்தான். "சட்டையைக் கழட்டி வாஷிங் மிஷின்ல போட்டுட்டு, குளிச்சுட்டு அப்புறம் உள்ள வாங்க" என்பது நிரந்தர உத்தரவு. பையன் சின்னவன், அவன் விழித்திருக்கும் நேரத்தில் பற்றவைப்பதே இல்லை.

இதே சுருட்டு வெளிர்நிற மேலிலையிலும் வருகிறது, நேச்சுரல் என்பார்கள். நேச்சுரல் இலையா, மதுரோவா என்று கேட்பவர்களுக்கு: நேச்சுரலில் மேலிலையின் இனிப்பு குறைவு, கடலை வாசமும் மரவாசமும் கூடுதலாகத் தெளிவு. மதிய நேரத்துக்கு, காலைக் காபிக்குப் பிறகு, அது மேல். சாப்பாட்டுக்குப் பின் மதுரோ. பத்ரோனே 2002-ல் கொண்டுவந்த 1926 வரிசை இன்னும் அடர்த்தி, விலையும் அப்படியே. எனக்கு அதில் போகும் கூடுதல் காசுக்கு ஏற்ற கூடுதல் ருசி கிடைக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இதே 1964 வரிசையில் பிரின்சிபே என்று சின்ன அளவு ஒன்று இருக்கிறது, அதை வாங்குங்கள். அதையும் இருபது நிமிடத்தில் முடிப்பேன் என்பவர்கள், தயவுசெய்து, அந்தக் காசுக்குக் காய்கறி வாங்கிக்கொள்ளுங்கள்.